எத்தனை நாள் என்பதும் மருந்தின் ஒரு பகுதி

ஆன்டிபயாட்டிக் தொடங்கிய மூன்றாம் நாள் பல வீடுகளில் ஒரு விவாதம் வரும். காய்ச்சல் விட்டிருக்கும், பசி திரும்பியிருக்கும், அட்டையில் இன்னும் நாலைந்து மாத்திரை மிச்சமிருக்கும். "சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரையைப் போட்டு உடம்பைக் கெடுத்துக்கணும்?" என்பது ஒரு கட்சி. "ஆரம்பிச்ச கோர்ஸை முடிக்காம விட்டா கிருமிக்கு மருந்து பழகிடும்" என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் தெரியாமல் பேசினால் இரண்டுமே தவறாகிவிடும். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது மூன்றாம் நாள் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயமே இல்லை. முதல் நாள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கி வர வேண்டிய விஷயம் அது. சீட்டில் 500 மில்லிகிராம் என்று இருந்தால் அதை நாமாக 250 ஆக்குவதில்லை, 1000 ஆக்குவதும் இல்லை. நாட்கணக்கை மட்டும் நம் விருப்பத்துக்குக் கூட்டவும் குறைக்கவும் உரிமை இருப்பதாக நினைக்கிறோம். அந்த உரிமை நமக்கு ஏன் இல்லை, அந்தக் கணக்கைச் சரியாகப் பெற என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

கோர்ஸை முடித்தே ஆக வேண்டும் என்ற விதி பிறந்த இடத்தைப் பார்த்தால் அதன் பலமும் எல்லையும் சேர்ந்தே தெரியும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொண்டைப் புண்ணுக்குப் போதாத அளவு பெனிசிலினைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் ஒருவர், கிருமியைக் கொல்லாமல் அதற்கு மருந்தைத் தாங்கும் திறனைக் கற்றுக்கொடுத்துவிடுவார் என்றார். எச்சரிக்கை நியாயமானதுதான். ஆனால் அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட தொண்டைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினஸ், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெனிசிலினுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கிறது. விதியை உண்மையில் வலுவாக நிரூபித்தது காசநோய். 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் பெற்ற நோயாளிகள் முதலில் வேகமாகத் தேறினார்கள். பிறகு அவர்களில் பலருடைய கிருமி அந்த மருந்துக்கு அசையாததாக மாறியது. காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும், உடலுக்குள் உறங்கிக் கிடக்கும், தன் மரபணுவில் நேரும் மாற்றத்தாலேயே மருந்தை வெல்லும். பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்தால்தான் அதை அடியோடு அழிக்க முடியும்.

இந்தக் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பாதியினரை சானடோரியத்திலும் மறு பாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெருக்கமான, வசதியில்லாத வீடுகளில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகத் தேறினார்கள். குணமாக்கியது மருந்து, அதைத் தவறாமல் சாப்பிட்டதே அதற்கு அடிப்படை. நலமாகத் தோன்றிய பிறகும் ஒருவர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது எவ்வளவு கடினம் என்பதும் அதே மையத்தின் அனுபவத்தில் தெரியவந்தது. மருந்தை நேரில் பார்த்துக் கொடுக்கும் முறைக்கு வழி வகுத்தவற்றில் அதுவும் ஒன்று. காசநோய் மருந்து எடுப்பவர் யாராக இருந்தாலும், பின்னால் சொல்லப்படும் ஆபத்தான பக்கவிளைவுகளைத் தவிர, இந்த அத்தியாயத்தில் அடுத்து வரும் எதையும் சாக்காக வைத்து ஒரு நாளைக்கூடக் குறைக்கக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கான வழக்கமான ஆறு மாத சிகிச்சை என்றால் ஆறு மாதம்தான்.

சிக்கல் எங்கே என்றால், காசநோயில் கற்ற பாடத்தைச் சிறுநீர்த் தொற்றுக்கும் நிமோனியாவுக்கும் அப்படியே பொருத்தியதில்தான். இந்தத் தொற்றுகளில் மருந்துக்கு அடங்காத தன்மை பெரும்பாலும் வேறொரு வழியில் வளர்கிறது. நம் குடலில் ஈகோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கின்றன. தோலிலும் மூக்கிலும் வேறு சில கிருமிகள் இருக்கின்றன. நெஞ்சில் உள்ள தொற்றுக்காக விழுங்கும் மாத்திரை நெஞ்சுக்கு மட்டும் போவதில்லை, இவற்றின் மீதும் படுகிறது. சாதுவானவை மடிகின்றன. மருந்தைத் தாங்கும் மரபணு தற்செயலாக வாய்த்தவை, காலியான இடத்தில் பரவுகின்றன. அந்த மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றுகின்றன. ஆறு மாதம் கழித்து வரும் சிறுநீர்த் தொற்றிலோ, ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, அவை நோயாக வெளிப்படும்போது வழக்கமான மருந்து பலிப்பதில்லை. கடைசி ஆயுதங்களில் ஒன்றான கார்பபீனெம் வகை மருந்தையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்னும் நொதியைப் பற்றி 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளை நேரடிக் காரணமாகக் கொண்ட இறப்புகள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாள் மருந்தும் குடல் கிருமிகளுக்கு இன்னொரு நாள் பயிற்சி. "எதுக்கும் இருக்கட்டும், ரெண்டு நாள் கூடவே போடுவோம்" என்பது பாதுகாப்பான முடிவு போலத் தோன்றினாலும் அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

குறைந்த நாட்கள் போதும் என்பதற்கான சான்றுகள் கடந்த இருபது ஆண்டுகளில் குவிந்திருக்கின்றன. 2006இல் நெதர்லாந்தில், நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்ந்து மூன்று நாள் அமாக்சிசிலினில் நன்கு தேறியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். குணமடைந்ததில் வித்தியாசம் இல்லை. 2021இல் பிரான்சில் நடந்த ஆய்விலும் மூன்று நாளும் எட்டு நாளும் சம பலன் தந்தன. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, ரத்தத்திலேயே கிருமி கலந்துவிட்ட 3,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஏழு நாள் மருந்து பெற்றவர்கள் பதினான்கு நாள் பெற்றவர்களைவிட மோசமாகத் தேறவில்லை. சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்று வந்த பெண்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாள் போதும், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு வேளை போதும் என்பது இன்று வழக்கமான நடைமுறை. பழைய பாடநூல்களில் இருந்த ஏழு, பத்து, பதினான்கு என்ற எண்களில் பல, ஆய்வில் பிறந்தவை அல்ல. வாரக் கணக்கில் யோசித்துப் பழகியதால் வந்தவை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் நான் மூன்றாம் நாள் நிறுத்தியதுதான் சரி" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த நிமோனியா ஆய்வுகளில் நிறுத்தியது நோயாளி அல்ல. உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றையும் மருத்துவர் அளந்து, நிலைமை உறுதியானது என்று பார்த்த பிறகே மருந்து நின்றது. வீட்டில் நாம் அளப்பது நெற்றியில் கை வைத்து. அந்தச் சூடு தணிந்தது ஆன்டிபயாட்டிக்காலா, காலையில் போட்ட பாரசிட்டமாலாலா என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, குறைந்த நாட்கள் தோற்றுப்போன நோய்களும் இருக்கின்றன. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நடுக்காதுத் தொற்றுக்கு ஐந்து நாளும் பத்து நாளும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. ஐந்து நாள் பெற்றவர்களில் 34 சதவீதக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தோற்றது. பத்து நாள் பெற்றவர்களில் 16 சதவீதம்தான். ஸ்ட்ரெப் கிருமியால் வரும் தொண்டைப் புண் மூன்றே நாளில் ஆறிவிட்டது போலத் தெரியும். ஆனாலும் பெனிசிலினைப் பத்து நாள் கொடுப்பது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாவதைத் தடுக்க. ருமாட்டிக் இதய நோய் இன்னும் ஓயாத நம் நாட்டில் அந்தப் பத்து நாளைக் குறைத்துப் பேச இடமில்லை. எலும்புத் தொற்றுக்கும் இதய வால்வுத் தொற்றுக்கும் வாரக்கணக்கில் மருந்து தேவை. ஒரே அமாக்சிசிலின் ஒரு நோய்க்கு ஐந்து நாள், இன்னொன்றுக்குப் பத்து நாள் என்றால், அட்டையைப் பார்த்து யாராலும் நாட்களைச் சொல்ல முடியாது. போன வருஷம் அண்ணனுக்குக் கொடுத்த கணக்கு இந்த வருஷம் தங்கைக்குப் பொருந்தாது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை இதுதான். ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டதும், சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். "டாக்டர், இது என்ன தொற்றுக்கு? எத்தனை நாள் சாப்பிடணும்? எந்த நாளுக்குள்ள குறையணும், குறையலேன்னா எப்ப வரட்டும்?" மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நம் ஊர் நோய்களில் அதுதான் மிக அவசியம். டைஃபாய்டில் மருந்து சரியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே காய்ச்சல் நாலைந்து நாள் நீடிக்கலாம். இது தெரியாதவர் இரண்டாம் நாளே வேறு மருத்துவரிடம் போய்ப் "பவர் கூடின" மாத்திரையைக் கேட்டு வாங்குகிறார். நிலைமை இதற்கு நேர்மாறாகவும் இருக்கும். வேலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாளுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியவில்லை என்றால் நோயைக் கண்டறிந்ததே சரிதானா என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். முன்னவர் பொறுத்திருக்க வேண்டும், பின்னவர் உடனே திரும்பிப் போக வேண்டும். இதை இருவருக்கும் முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டம் நெரியும் கிளினிக்கில் மருத்துவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது, கேட்டால் கோபித்துக்கொள்வாரே என்று தயங்குபவர்கள் உண்டு. தயக்கம் புரிகிறது. ஆனால் மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல அரை நிமிடம் போதும், பதில்கள் மருத்துவரின் மனதில் ஏற்கெனவே இருப்பவை. நாட்களைச் சீட்டில் எழுதுவது அவருடைய வழக்கமான வேலையில் சேர்ந்ததுதான். கேட்கிற முறையில் மரியாதை இருந்தால் போதும். அப்படியும் கேட்க முடியாவிட்டால், மருந்து கொடுக்கும் செவிலியரிடமோ, மருந்துக்கடையில் பார்மசிஸ்டிடமோ சீட்டைக் காட்டிக் கேளுங்கள். எழுதியதைப் படித்து விளக்குவது அவர்களால் முடியும். முதல் கேள்விக்கு "வைரஸ் காய்ச்சல்" என்று பதில் வந்தால், இந்த மாத்திரை அவசியமா என்று பணிவாக ஒருமுறை கேட்பதிலும் தவறில்லை. சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவற்றின் மீது ஆன்டிபயாட்டிக்குக்கு எந்தச் சக்தியும் கிடையாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பது மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளம் ஆகாது. சிறுநீர் கல்ச்சரோ ரத்தக் கல்ச்சரோ எழுதியிருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளை மருந்து உள்ளே போன பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். ஆனால் தீவிரமான நோயில் மாதிரிக்காக மருந்தைத் தாமதப்படுத்துவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாட்களைப் போலவே வேளையும் ஒரு கணக்கில் எழுதப்பட்டது. அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள், ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே கிருமியைக் கொல்கின்றன. சில மணி நேரத்திலேயே அவற்றில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் மூன்று வேளை என்று எழுதியதைக் காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து என்று நெருக்கிவிட்டு இரவு முழுவதும் இடைவெளி விடுவது சரியல்ல. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று பரப்பிவிட்டால் இரவிலும் மருந்து உள்ளே இருக்கும். அசித்ரோமைசின் இதற்கு நேர் எதிர். அது திசுக்களில் தங்கி நாள்கணக்கில் மெல்ல வெளியேறும். எனவேதான் தினம் ஒன்றாக மூன்று அல்லது ஐந்து நாளோடு முடிகிறது. மூன்றே மாத்திரையா என்று பயந்து, நாமாகவே இன்னொரு அட்டை வாங்கத் தேவையில்லை. ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போங்கள். ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

இந்த மாத்திரைகள் சூடு என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சூட்டைத் தணிக்க மாத்திரையோடு பால் குடிப்பதும், மோரில் விழுங்குவதும், உடனே ராகிக் கூழ் குடிப்பதும் வழக்கம். அக்கறையில் செய்வதுதான். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்கு இது கேடாக முடியும். பாலிலும் தயிரிலும் ராகியிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தை வயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும், ரத்தத்துக்குப் போய்ச் சேரும் அளவு குறையும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, துத்தநாக மாத்திரை, அலுமினியமும் மக்னீசியமும் கலந்த வயிற்றெரிச்சல் மருந்து எல்லாமே இதே வேலையைச் செய்யும். ஏழு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டவர், உண்மையில் அரைகுறை அளவே பெற்றிருப்பார். சிப்ரோஃப்ளாக்சசினை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் பின்பாகவோ சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. மற்ற மருந்துகளுக்கு எவ்வளவு இடைவெளி என்று பார்மசிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமாக்சிசிலினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மோர் தாராளமாகக் குடிக்கலாம். டாக்சிசைக்ளினை மட்டும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் எளிதாகக் கன்றிப்போகும் என்பதால், அந்த நாட்களில் வயல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிவது நல்லது. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடித்து மூன்று நாள் ஆகும் வரையிலும் மது கூடாது.

மருந்து எழுதும் முன் மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை சில உண்டு. அவர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். முன்பு எந்த மாத்திரைக்காவது ஒவ்வாமை வந்ததா, கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பவை அவை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குப் பல ஆன்டிபயாட்டிக்குகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகையால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இதே வகை மருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து கூடுதல். ரிஃபாம்பிசின் எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம், வேறு பாதுகாப்பு வேண்டும்.

கோர்ஸை முடித்தே தீர வேண்டும் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து பக்கவிளைவில்தான் இருக்கிறது. உடலெங்கும் தடிப்பு வந்த பிறகும், "பாதியில விடக்கூடாதுன்னு சொன்னாங்க" என்று அடுத்த மாத்திரையை விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டிய நேரங்களைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால், மூச்சு இரைத்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால், மருந்தை நிறுத்தி உடனே 108ஐ அழையுங்கள். தோலில் கொப்புளம், தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும், குதிகாலுக்கு மேல் திடீர் வலி வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். லேசான வயிற்றுப்போக்கும் குமட்டலும் அடிக்கடி வருபவை, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீராக நாளைக்குப் பல முறை போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, கூடவே காய்ச்சலும் வயிற்று வலியும் இருந்தாலோ கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நல்ல கிருமிகள் அழிந்த குடலில் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகினால் இப்படி ஆகும். மருந்தை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் இது வரலாம். ஆகவே மருத்துவரிடம் பேசும்போது முன்பு சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கையும் சொல்லுங்கள்.

மருத்துவரே இடையில் நிறுத்தச் சொல்வதும் உண்டு. காய்ச்சலுக்குச் சந்தேகத்தின் பேரில் தொடங்கிய மருந்து, பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்ததும் தேவையற்றதாகலாம். கல்ச்சர் முடிவு வந்ததும் வேறு மருந்துக்கு மாற்றப்படலாம். அப்போது பாதியில் விட்டுவிட்டோமே என்று பயப்பட ஒன்றுமில்லை. கிருமியே இல்லாத இடத்தில் முடிக்க வேண்டிய கோர்ஸும் இல்லை.

செலவைப் பற்றிய ஆட்சேபம் எல்லாவற்றையும்விட நியாயமானது. ஏழு நாள் மருந்துக்குப் பணமில்லாதவர் கடையில் இரண்டு நாளைக்கு மட்டும் வெட்டி வாங்குகிறார். அவரிடம் ஆய்வு முடிவுகளைப் பேசிப் பயனில்லை. முதலில் மருத்துவரிடமே, "டாக்டர், இதே மருந்து விலை குறைவா கிடைக்குமா?" என்று கேட்கலாம். மருந்தின் பொதுப்பெயர் சீட்டில் இருந்தால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மிகக் குறைந்த விலையில் கிடைக்க வாய்ப்புண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். அங்கே மூன்று நாளைக்குக் கொடுத்து மறுபடி வரச் சொன்னால், அது கோர்ஸ் முடிந்ததாகப் பொருளல்ல. சொன்ன நாளில் திரும்பிப் போக வேண்டும். சீட்டே இல்லாமல் "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று வாங்குவதுதான் உண்மையில் பண விரயம். அட்டையின் இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்கக் கூடாது என்று அர்த்தம். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியல், பல உயர்வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்கும்போது நோயாளியின் பெயர், மருத்துவர் பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. சீட்டைக் கேட்கும் கடைக்காரர் நம்மை அலைக்கழிக்கவில்லை, தன் கடமையைச் செய்கிறார்.

குழந்தைகளுக்கான பொடி மருந்துக்குத் தனிக் கவனம் தேவை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள குறி வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் அளவு குறைந்திருந்தால் மறுபடி குறி வரை ஊற்றுங்கள். கூடவே வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. கலக்கிய மருந்து பல வகைகளில் ஏழு நாளுக்கு மேல் தாங்காது, சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். லேபிளில் உள்ளதைப் பின்பற்றி, கலக்கிய தேதியைப் பாட்டிலில் எழுதிவிடுங்கள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள். மாத்திரை மிஞ்சினாலும் அப்படித்தான். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும், அடுத்த முறைக்குச் சேர்த்து வைப்பதும் கூடாது. சாக்கடையில் கொட்டினால் மருந்து அங்குள்ள கிருமிகளையும் போய்ச் சேரும். அட்டையிலிருந்து பிரித்து, காபித் தூளோடோ மண்ணோடோ கலந்து, ஓர் உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஒவ்வாமை வந்தால் அதைச் சரியாக எழுதி வைப்பது வாழ்நாள் முழுவதும் பயன்படும். பெனிசிலின் ஒவ்வாது என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஒவ்வாமை இல்லை என்று தெரிகிறது. சிறு வயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பையோ, வெறும் வயிற்றுப்போக்கையோ அப்போது ஒவ்வாமை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், பிற்காலத்தில் எளிய பெனிசிலின் போதுமான நோய்க்கும் விலை கூடிய, பரவலாகத் தாக்கும் மருந்தே கொடுக்கப்படும். ஆகவே மருந்தின் பொதுப்பெயர், எந்த நோய்க்கு எடுத்தது, எத்தனையாவது வேளைக்குப் பின் எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது, மூச்சுத் திணறல் இருந்ததா, எந்தச் சிகிச்சையில் அடங்கியது, தேதி எது என்று ஒரு தாளில் எழுதி, அந்த அட்டையின் படத்தையும் கைபேசியில் எடுத்து, மருத்துவக் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சீட்டு எழுதத் தொடங்கும் முன் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.